மூடாத குழாய்

இப்போதெல்லாம் பேருந்து நிலைய வாசலிலேயே தலையைப் படமெடுத்துவிடுகிறார்கள். அந்தப் படங்களைத் தூத்துக்குடியில் வீட்டிலிருந்தபடி பார்த்து, நோய் உண்டா இல்லையா என்று சொல்வது மொரீனின் வேலை. பெயரோ ஊரோ இருக்காது. மண்டையும் அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்களும்தான்.

அவள் கணவன் லாம்பர்ட்டின் தலையில், கருவிலேயே மூடியிருக்க வேண்டிய குழாய் ஒன்று மூடாமல், தூண்டில் முள்போல் வளைந்து கிடந்தது. "நோயில்லம்மா, அபூர்வமா சிலருக்கு இப்படி இருக்கும்," என்றிருந்தார் டாக்டர். எட்டு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுக் கிளம்பியபோது அவன் "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. "போறேன்" என்றான்.

இன்று மத்தியானம் அந்த முள் திரையில் வந்தது. அதே இடம், அதே வளைவு.

"ஒரே தலையையே பாத்துக்கிட்டு இருக்கியேம்மா, சோறு ஆறுது," என்றாள் மகள்.

"நல்லாத்தான் இருக்காரு," என்றாள் மொரீன்.

'இயல்பு' என்று அழுத்தினால் படம் மறைந்துவிடும். 'வரச் சொல்லவும்' என்று அழுத்தினால், படத்துக்குரியவர் அதைப் பார்த்துச் சொன்னவரிடமே நேரில் வந்தாக வேண்டும். ஆனால் காரணம் எழுத வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் பொய்க் காரணம் எழுதியதில்லை. இன்றும் எழுதவில்லை.

'வரச் சொல்லவும்' என்பதை அழுத்திவிட்டுக் கீழே எழுதினாள்: "மூட வேண்டியது இன்னும் மூடவில்லை."