பாறைவாய்

"கேப்டன்! கேப்டன்! யாராவது இருக்கீங்களா? நான் லோசா பேசறேன்!"

கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. பிறகு ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, "சொல்லு" என்றது.

"பனபாவை ஊசிமீன் குத்திடுச்சு! தண்ணிக்குள்ளேர்ந்து எகிறி வந்து, நேரா தொடையில! துணியால இறுக்கிக் கட்டிட்டேன், ரத்தம் நிக்கல. ஆள் மயங்கிட்டாரு. இப்ப வாய்க்கு வெளியே நிக்கறேன் கேப்டன். எஞ்சின் என் கையில!"

தீவைச் சுற்றிலும் பவளப்பாறை. உள்ளே நுழைய அதில் ஒரே ஓர் இடைவெளி. ஊரில் அதை 'வாய்' என்பார்கள். கரையிலிருந்து ரேடியோவில் படகுகளுக்கு அதில் வழி சொல்பவர் ஊர்க் கேப்டன். நடுவில் அது இரண்டு படகு அகலத்துக்கு இடுங்கிப்போகும். வெளியே ஓடும் நீரும் உள்ளே பாயும் அலையும் அங்கே முட்டி மோதும். லோசா இதுவரை அதைக் கடந்ததெல்லாம் கணவன் பனபாவின் முதுகுக்குப் பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான். பக்கத்துத் தீவில் நாலு நாள் தங்கித் தேங்காய் உரித்துவிட்டுத் திரும்பும்போது இப்படி ஆகும் என்று யார் கண்டது?

"தண்ணி ஏறுற வரைக்கும் காத்திருக்கட்டுமா?"

"அதுக்கு அஞ்சு மணி நேரம் ஆகும். தாங்குமா?"

பனபாவின் உதடு வெளுத்துக் கிடந்தது. படகின் அடியில் தேங்காய்கள் ரத்தத்தில் உருண்டன.

"தாங்காது கேப்டன்."

"அப்ப வா. பெரிய அலை மூணு வரும். ரெண்டை விட்டுடு. மூணாவதோட முதுகுல ஏறி உட்கார்."

லோசா எண்ணினாள். மூன்றாவது அலை தூக்கியது. இடுங்கிய இடம் கண்ணில் பட்டது. கை தானாக எஞ்சினைத் தளர்த்தியது. படகு சறுக்கிக்கொண்டு பாறைப் பக்கம் போக, அலறியபடி வளைத்துத் திருப்பி வெளியே ஓடிவந்தாள்.

"என்னால ஆகாது! அந்தத் தனியேலு மாதிரி நானும் கவுத்துடுவேன்!"

தனியேலு என்றால் ஊருக்கே சிரிப்பு. இதே வாயில் ஐந்து முறை படகைக் கவிழ்த்த மகாராசன். போன திருவிழாவில் அவனைக் கிண்டலடித்துப் பாட்டுக் கட்டி, சபைக்கூடத்தையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவள் இந்த லோசாதான்.

ரேடியோவில் ஒரு செருமல் கேட்டது.

"அவனை மாதிரி கவுக்கணும்னா கையைத் தளர்த்து. நீ இன்னும் கவுக்கலையே" என்றது குரல். "படகு எந்தப் பக்கம் சறுக்குச்சு?"

"உயிர் போகுது, இப்பப் போய் இதைக் கேக்கறீங்களே!"

"யோசிச்சுச் சொல்லு."

"இடது பக்கம்."

"நல்லது. அப்ப வலது பக்கமா ஒட்டி வா."

"உங்களுக்குத் தெரியாததா கேப்டன்? என்கிட்டப் போய்…"

"இன்னிக்குத் தண்ணி எப்படி இழுக்குதுன்னு உன் கைக்குத்தான் தெரியும். வா, அலை வருது."

இம்முறை வலது பக்கம் ஒட்டினாள். படகு சறுக்கவில்லை. ஆனால் பயத்தில் எஞ்சினை முறுக்கு முறுக்கென்று முறுக்கியதில் அலையையே முந்திப்போய், படகின் மூக்கு தண்ணீரில் குத்தியது. கால்வாசிப் படகு நிரம்பிவிட்டது. எப்படித் திருப்பினாள், எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. பனபாவின் தலையைத் தூக்கித் தேங்காய் மூட்டைமேல் சாய்த்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

"அழு, வேண்டாங்கல. அழுதுக்கிட்டே தண்ணிய இறைச்சுக் கொட்டு. இப்ப எங்க தப்பாச்சு?"

"அலையை முந்திட்டேன்."

"சறுக்குச்சா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணு சரியாயிடுச்சு, இன்னொண்ணுதான் பாக்கி. அலையை முந்தாதே, பின்தங்காதே. இடுங்கின இடத்துல கை தளரப் பார்க்கும். விடாதே."

"அதைத் தாண்டினா?"

குரல் தயங்கியது. "முதல்ல தாண்டு."

லோசா ரேடியோவை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் எஞ்சினைப் பிடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது அலையின் முதுகில் ஏறினாள். வலது பக்கம் ஒட்டினாள். முந்தவில்லை, பின்தங்கவில்லை. பாறை கைக்கெட்டும் தூரத்தில் பல்லைக் காட்டியது. கடவுளே கடவுளே என்று கத்தினாள், கையை மட்டும் தளர்த்தவில்லை. கடைசியில் படகு எதிர்பாராமல் வலதுபுறம் ஒரு வெட்டு வெட்டியது; அதையும் எப்படியோ சமாளித்தாள்.

இரைச்சல் பின்னால் போயிற்று. முன்னால் தண்ணீர் பச்சையாக அசையாமல் கிடந்தது.

கரையில் பெண்கள் ஓடிவந்து பனபாவைத் தூக்கினார்கள். நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பெரிய ரத்தக்குழாய் தப்பிச்சிருக்கு. பொழைச்சுக்குவாரு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றாள்.

லோசா மணலிலேயே உட்கார்ந்தாள்.

"கேப்டன் எங்க? அவர் கையைப் பிடிச்சு முத்தம் குடுக்கணும்."

"கேப்டனா? நம்ம ஆம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு முந்தாநாளே கப்பல்ல தலைநகர் போயாச்சே!" என்றாள் நர்ஸ்.

லோசா திரும்பிப் பார்த்தாள். படகுத்துறை முனையில், இடுப்பளவு தண்ணீரில், கேப்டனின் ரேடியோவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தான் தனியேலு.

"நீயாடா?" அவள் எழுந்து நின்றாள். "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே, அப்புறம் ஏண்டா கவுத்தே?"

"இடுங்கின இடம் வரைக்கும்தான்க்கா எனக்குத் தெரியும். அதுக்கு இந்தப் பக்கம் நான் ஒரு தடவைகூட வந்ததில்ல" என்றபடி அவன் ஆவலோடு கரையேறி வந்தான். "கடைசியில படகு வெட்டுச்சே, அப்ப என்ன பண்ணினே? கொஞ்சம் சொல்லித் தாக்கா, நாளைக்கு நான் போகணும்."