மூலைக்கு ஒன்றாய்

"விஷம் ஏதாவது இருக்குமா டாக்டரம்மா? பக்கத்துத் தோட்டக்காரனுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது."

கால்நடை மருத்துவர் செத்த ஆட்டுக்குட்டியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "விஷமும் இல்ல, நோயும் இல்ல சார்ஜென்ட். குளிர். வெறும் குளிர்."

ராணுவத்தை விட்டு வந்த பிறகும் ஊருக்கு அவர் சார்ஜென்ட்தான். கொட்டகையின் ஈரத் தரையில் குந்தியிருந்தார். பின்னால், கம்பத்தில் சாய்ந்து நின்றான் மாப்பிள்ளை. தங்கையின் கணவன், அவருடைய பிரிவிலேயே சிப்பாயாக இருந்தவன். இந்தப் பண்ணையே அவனுக்காகத்தான். மனநல மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, 'ஏதாவது உயிரை வளர்க்கச் சொல்லுங்கள், மனசு தேறும்' என்றிருந்தார்கள். தேறாவிட்டால் மறுபடி அங்கேதான்.

இருவருக்கும் ஆட்டைப் பற்றி ஆனா ஆவன்னா தெரியாது. சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று தாயில்லாக் குட்டிகளாகவே வாங்கி வந்தார்கள். அன்றைக்கே, ஒன்றுக்கும் மேல்வரிசை முன்பல் இல்லையென்று கண்டுபிடித்து, ஊனக் குட்டிகளைத் தலையில் கட்டிவிட்டான் என்று வியாபாரியின் சட்டையைப் பிடித்தார்கள். எந்த ஆட்டுக்குமே அது கிடையாது என்று அவன் சொன்னதைக் கேட்டுத் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தான், வெகு காலத்துக்குப் பிறகு.

இப்போது தினமும் விடிந்தால் ஒரு குட்டி விறைத்துக் கிடக்கிறது.

"குளிருக்கு வழியே இல்லையே டாக்டரம்மா. சுத்தித் தார்ப்பாய். கீழ இவ்வளவு வைக்கோல். மாப்ள ராத்திரி பூரா இங்கதான் காவல், கண்ணைக்கூட மூடறதில்ல."

"தாய் இல்லாததுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுக்கும். அதுதான் சூடு. இதுங்க என்னடான்னா மூலைக்கு ஒண்ணா கிடக்குது. இப்படி நான் பார்த்ததே இல்ல." அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சேர்த்துப் படுக்க வையுங்க. மிச்சமாவது பொழைக்கும்."

அவள் வண்டி போன பிறகு சார்ஜென்ட்டுக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"இவ்வளவுதானா? இன்னிக்கு எல்லாத்தையும் ஒரே மூலையில விட்டுடு மாப்ள. ஒண்டிப் படுத்துக்கட்டும், சூடா இருக்கும்."

மாப்பிள்ளை செத்த குட்டியின் காதை நீவிக்கொண்டிருந்தான்.

"அதுங்க ஒண்டித்தான் படுக்குது மச்சான். நான்தான் ராத்திரி முழுக்கப் பிரிச்சுப் பிரிச்சு வைக்கிறேன்."

"நீயா? எதுக்கு?"

"முகாம்ல நம்ம பசங்க குளிர்ல நடுங்கினப்பவும் நீங்க இதையேதான் சொன்னீங்க. ஒரே கூடாரத்துல ஒண்டிப் படுத்தாங்க. ஒரே குண்டு, ஒருத்தன்கூட மிஞ்சல." அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இதுங்களையாவது சேர்ந்து படுக்கச் சொல்லாதீங்க மச்சான்."