ஏழாவது கேள்வி

"ஒருத்தர்கூடவா எழுதல? ஒருத்தர்கூடவா?"

கணக்கு வாத்தியார் இயோடெபா விடைத்தாள்களை மேசைமேல் போட்டார். எல்லாத் தாளிலும் ஏழாவது கேள்விக்குக் கீழே வெறுமைதான்.

பிள்ளைகள் பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பாடம் முடிந்ததும், புரிந்தவர்கள் தகர டப்பாவில் சோழி போட வேண்டும். புரியாதவர்கள் சிரட்டைத் துண்டு. யார் எதைப் போடுகிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். வேகக் கணக்கு நடத்திய முதல் நாள் டப்பா நிறையச் சிரட்டை. மறுநாள் சூத்திரத்தை அழித்துவிட்டு, தன் மோட்டார் சைக்கிளைத் தெருவில் ஓட்டிக் காட்டி, பிள்ளைகளை நேரம் குறிக்கச் சொன்னார். அன்று விழுந்தது அத்தனையும் சோழி.

"அப்ப நீங்க போட்ட சோழி பொய்யா?"

"பொய்யில்ல சார்," என்றான் கடைசி வரிசைக் கபூரே. "உங்க வண்டியத் தள்ளி விட்டவனே நான். அது என்ன வேகம் போகும்னு எனக்குத் தெரியாதா?"

வழக்கமாக இதற்கு வகுப்பே சிரிக்கும். இன்று யாரும் சிரிக்கவில்லை.

"வாத்தியாருக்கு மனசே இங்க இல்ல, வகுப்ப வேற ஆளுக்குக் குடுத்துடலாம்னு தலைமையம்மா சொல்றாங்க." அவர் குரல் இறங்கியது. "உங்களையும் விட்டுட்டா எனக்கு வேற என்ன இருக்கு? என் பாடத்துல என்ன குறை, சொல்லுங்க. மாத்திக்கிறேன்."

மரேட்டா மெல்ல எழுந்தாள்.

"பாடத்துல குறையில்ல சார். எங்க எல்லாருக்கும் விடை தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதல? நான் நடத்துன அதே வேகக் கணக்குதானே?"

"கேள்விய முழுசாப் படிச்சீங்களா சார்?"

அவர் தாளைக் கையில் எடுக்கவில்லை.

"இது தலைநகரம் தாராவாலேர்ந்து வந்த தாள். அவங்களுக்கு நம்ம ஊர்ல நடந்தது தெரியாது." அவளே எடுத்துக் கேள்வியின் கடைசி வரியை வாசித்தாள்: "'விடியற்காலையில் மீன்பிடிக்கப் போன படகு எத்தனை மணிக்குக் கரை சேரும்?'"

அவள் கண்கள் முன்வரிசைக் காலி இடத்துக்குப் போய்த் திரும்பின.

"திருத்தப்போறது நீங்க. உங்க மகன் ரூயி போன படகு இன்னும் வரல. உங்ககிட்ட நாங்க எப்படி சார் மணி எழுதித் தருவோம்?"