கழுதை பார்த்த வானிலை

பாலைவனத்துக் கழுதை ஒன்றும் வெள்ளாடு ஒன்றும், மலைக்கு அந்தப் பக்கம் புல் முளைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பின. போவதற்கு ஒரே வழிதான். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, கழுதையின் வயிறு உரசுகிற அளவுக்கு ஒடுங்கிய ஓடைப்பள்ளம்.

அதன் வாயிலில் வெள்ளாடு நின்றுவிட்டது. கழுதைமேல் கழுதையாக நாலு கழுதை நின்றாலும் எட்டாத உயரத்தில், ஒரு மரம் சுவர்களுக்குக் குறுக்கே சிக்கிக் கிடந்தது. அதில் சேறு காய்ந்திருந்தது.

"அண்ணே, அந்த மரம் அங்கே எப்படிப் போச்சு?"

"யாரோ பாலம் போட்டிருக்காங்க. உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்."

"தூரத்து மலையில வானம் கறுத்துக் கிடக்குது. நாளைக்குப் போவோமே."

"அது அந்த ஊர் மழைடா. இங்கே தலைக்கு மேல பாரு, எவ்வளவு நீலம்! பயமா இருந்தா இங்கேயே நில்லு. புல்லு ருசி எப்படின்னு வந்து சொல்றேன்."

பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க வெள்ளாட்டுக்கு மனமில்லை. பின்னாலேயே போனது. ஆனால் வழியெல்லாம், காலை ஊன்றி ஏறக்கூடிய இடங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தது.

பாதி வழியில் பாறை அதிர்ந்தது.

"காத்துதான்" என்றது கழுதை.

வெள்ளாடு பக்கத்துப் பாறைப்படியில் தாவி ஏறி, அதன் காதைக் கடித்து மேலே இழுத்துக்கொண்டது. மறுநொடி செந்நிற வெள்ளம் மரங்களை உருட்டிக்கொண்டு வந்து, அவை இரண்டும் நின்றிருந்த இடத்தை மூடியது.

கழுதை அண்ணாந்து வானத்தைப் பார்த்தது.

"பார்த்தியா? நான் சொன்ன மாதிரியே ஒரு சொட்டு மழை இல்லை."

தண்ணீர் அதன் குளம்பைத் தொட்டுவிட்டது.

"ஆமாண்ணே, நீங்க சொன்னது சரிதான்" என்றது வெள்ளாடு. "பேசிக்கிட்டே இன்னும் ரெண்டு படி ஏறுங்க."