ஒரு முழு வாக்கியம்

12.8.1985, திங்கள்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வேலைக்குப் போகும் வழியில் சிராங்கூன் ரோடு தபால் நிலையம் வரை போன பிறகுதான், இந்த மாதக் கேசட்டை வீட்டிலேயே வைத்துவிட்டது தெரிந்தது.

பேச்சுச் சிகிச்சையை ஆஸ்திரேலியக் கல்லூரி ஒன்றில் அஞ்சல்வழி படிக்கிறேன். பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பாதான் என் நோயாளி. அவர் ஒரு முழு வாக்கியம் பேசிய பதிவு போய்ச் சேர்ந்தால்தான் கடைசிப் பருவத்துக்கு என்னைச் சிட்னிக்கு அழைப்பார்கள். மாதக்கணக்காகப் பயிற்சி கொடுத்தும் அவர் "ம... ம..." என்பதைத் தாண்டவில்லை. குறை என்னிடம்தான் என்று நினைத்திருந்தேன்.

கேசட்டை எடுக்கத் திரும்பி வந்தபோது, சாத்திய கதவுக்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"பாவம்லா ஆனி. அவ சொல்லிக்குடுத்துதானே உங்களுக்குப் பேச்சே திரும்புச்சு. இன்னும் எத்தன நாளைக்கு இந்த ஊமை வேஷம்?"

"சும்மா இரு அல்போன்சா. நான் பேசுனா அவ பாஸாயிடுவா. பாஸானா சிட்னி போயிடுவா. அப்புறம் நம்மள யாரு பாக்குறது?"

அப்பாவின் குரல். ஓரிடத்திலும் திக்கவில்லை.

நான் உள்ளே நுழைந்ததும் அப்பா வாயைக் கோணிக்கொண்டு, "ஆ... ஆ..." என்றார்.

"இன்னைக்கும் வரலைம்மா" என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.

நாளை செய்ய வேண்டியது: வேலைக்குக் கிளம்பும்போது டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, அப்பாவின் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.