மடையன் எழுதியது

"இனிமே ஒரு புத்தகத்துல கிறுக்கல் பார்த்தேன், உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்" என்று நூலகர் சொல்லியிருந்தார். கல்லூரி நூலகத்தில் தற்காலிக உதவியாளர் வேலை. கிழிக்க ஒரு சீட்டுகூடக் கிடையாது அவளுக்கு.

கிறுக்குகிறவர் யாரென்று தெரியும். பேராசிரியர். இரண்டு டாக்டர் பட்டம். எதிரே வந்து வணக்கம் வைத்தால் தலைகூட ஆட்ட மாட்டார். மெத்தப் படித்த மண்டைக்கனம் என்று கல்லூரியே சொல்லும்.

அவருக்குக் குறி ஒரே பாடப்புத்தகம்தான். ஆறு பிரதி. வெள்ளிக்கிழமை வந்து பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டுப் போவார். 'மடையன் எழுதியது, நம்பாதே.' 'இவனுக்குக் கணக்கே வராது.'

சனிக்கிழமை முழுக்க அவள் ரப்பரும் கையுமாக உட்கார்ந்து அழிப்பாள். பத்தாவதோடு படிப்பை விட்டவளுக்கு உள்ளே இருப்பது ஒன்றும் புரியாது. ஆனால் எவரோ மாடாய் உழைத்து எழுதியதை இப்படித் திட்டினால் பற்றிக்கொண்டு வரும்.

இன்று பென்சிலோடு கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும், சரி சார். அதுக்காக எழுதினவரை மடையன்னு சொல்லலாமா? அவர் வந்து பார்த்தா மனசு என்ன பாடுபடும்?"

பக்கத்து மேசை மாணவர்கள் தலையைத் தூக்கவில்லை. காதைத்தான் தூக்கினார்கள்.

"அழிக்கிறது நீதானா?" என்றார் பேராசிரியர். கோபமாக இல்லை.

புத்தகத்துக்கு நூலகத்தில் போட்ட காக்கி அட்டை. அதன்மேல் எண் மட்டும்தான் இருக்கும். அவர் அதைத் திறந்து முதல் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். எழுதியவர் பெயர் இருந்தது. வாரா வாரம் அவருடைய உறுப்பினர் அட்டையில் அவள் பார்க்கிற அதே பெயர்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி எழுதினதும்மா. மூணு இடத்துல தப்பு. புதுப் பதிப்பு போடுங்கன்னா, பழசு தீரட்டும்ங்கிறாங்க பதிப்பகத்துல."

"அதுக்கு 'தப்பு'ன்னு எழுதினாப் போதாதா சார்?"

"அதையும் எழுதிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய ஆள் தப்பா எழுதுவாரான்னு, பசங்க அந்தத் தப்பையே பரீட்சையில எழுதிட்டு வந்தாங்க."

அவள் ரப்பரைப் பார்த்தாள். நூலகர் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு மேசை மேலிருந்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பென்சில்ல எழுதினா என்னை அழிக்கச் சொல்லுவாங்க சார். இதுல எழுதுங்க."