நான்கு மணி பால்கோவா

ஞானசிகாமணிக்கு ஊசி போடுவது, காலில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது, நான்கு மணிக்கு அவருக்காகப் பால்கோவா தின்பது: இசக்கியம்மாளின் வேலை இவ்வளவுதான். இருவர் நாக்கிலும் ஆளுக்கொரு வில்லை ஒட்டியிருக்கும். அவள் தின்றால் ருசி அவருக்குப் போகும்; சர்க்கரை போகாது.

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"மெதுவாத் தின்னும்மா. லபக்குனு முழுங்கிட்டா எனக்கு என்ன தெரியும்?"

ஆறு வருடமாக மெதுவாகத் தின்றாள்.

திங்கட்கிழமை அவருக்குச் சர்க்கரை பார்த்தாள். ஒரு ஸ்ட்ரிப் மிச்சமிருந்ததால் தன் விரலிலும் குத்திக்கொண்டாள்.

"எவ்வளவு?" என்றார்.

"ஒங்களுக்கு நூத்திப்பத்து அண்ணாச்சி. நல்லாருக்கு."

"ஒனக்கு?"

அவள் கருவியை முந்தானைக்குள் மறைத்தாள். வில்லையைக் கொடுத்து அவளை இந்த வேலைக்கு அனுப்பிய கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அவரே கருவியைப் பிடுங்கி, கிழிந்த நோட்டைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.



நான்கு மணிக்கு வில்லையில் எந்த ருசியும் பதியாவிட்டால் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து விசாரிப்பார்கள். எனவே அவள் வழக்கம்போல் பால்கோவா டப்பாவைத் திறந்தாள்.

"அத மூடு. மத்தியானம் பண்ணுன பாவக்கா பொரியல் இருக்குல்லா, அதத் தின்னு."

"ஒங்களுக்குக் கசக்குமே அண்ணாச்சி."

ஞானசிகாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மெதுவாத் தின்னாத. சட்டுனு முழுங்கிரு."